கோரையும் உப்பும்

தமிழிலே "களை" என்னும் சொல் பெயராகவும் வினையாகவும் நிற்கும் இயல்பினது. பெயராக நிற்கும்போது பயிரிடையே முளைக்கும் வேண்டாத பூண்டைக் குறிக்கின்றது. வினையாக நிற்கும்போது அதனைப் பிடுங்கி அகற்றும் தொழிலைக் குறிக்கின்றது. நோயின் பெயரையும் அதற்குரிய பரிகாரத்தையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்தனர் நம் முன்னோர். அந்தப் பரிகாரம் அகற்றுதலேயன்றிக் கொல்லுதல் அன்று. "களைகொல்லி" என்னும் சொல் நேற்று வந்தது; போத்தலில் அடைத்த இரசாயனத்தோடு கூடவே அதுவும் நம் தோட்டங்களுக்குள் நுழைந்தது.

வள்ளுவர் செங்கோன்மையைப் பேசுமிடத்து, கொடியோரை அரசன் ஒறுத்தலைப் பயிரிடையே களை நீக்குதலுக்கு ஒப்பிட்டார். உழவைப் பேசுமிடத்து, உழுதல், எருவிடுதல், நீர் பாய்ச்சுதல், காத்தல் என்பவற்றைச் சீர்தூக்கிக் காட்டுகையில் களைகட்டலையும் மறவாது அவ்வரிசையில் வைத்தார். அவ்விரு குறள்களையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்கு விளக்கியவன் நான். எனினும் களை என்பது யாது என்பதை, ஓய்வு பெற்று வீட்டிலிருந்த காலத்தில், என் சொந்த வளவிலேதான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை ஒரு தேசிமரம்.

கிணற்றடியில்

எங்கள் வீட்டுக் கிணற்றடியிலிருந்து அடுக்களை வாசல்வரை ஒரு நடைபாதை உண்டு. இருபதடி நீளமிருக்கும். அள்ளும் நீர் சிந்திச் சிந்தி எக்காலமும் ஈரமாயிருக்கும் அப்பாதையின் இரு மருங்கிலும் கோரை மண்டிக் கிடக்கும். பாதைக்கு அப்பால், கிணற்றுக் கட்டிலிருந்து பத்தடி தூரத்தில், என் தாயார் நட்ட தேசிமரம் நின்றது. 1995 இல் ஊரோடு ஊராக நாம் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. தேசிமரம் மட்டும் காய்களோடு நின்றது. தாயார் அதன் கீழே அமர்ந்துதான் முதலில் அழுதார். பின்னர் அம்மரத்தின் ஊறுகாய் எங்கள் வீட்டிலிருந்து கொழும்புக்கும் கனடாவுக்கும் போயிற்று.

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. அதற்கு முன்னரே, 2015 இல், கிளைபோசேற்று என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டிருந்தது. கமக்காரர் பட்ட பாட்டை நாடறியும். அவ்வாண்டு நவம்பரில் இறக்குமதித் தடை கைவிடப்பட்டது. கிளைபோசேற்றின் மீதான தடையும் 2022 இல் நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில், உப்பும் வினாகிரியும் கொண்டு களையைக் கொல்லும் வகைகள் வாய்மொழியாக ஊரெங்கும் உலாவின. நஞ்சைக் கைவிட்டு இயற்கைக்குத் திரும்பும் நற்காலம் பிறந்ததென்றே நானும் எண்ணினேன்.

அயலவர் ஒருவர் எனக்கு அளவு சொல்லித் தந்தார். பெரிய வாளி ஒன்று நிறைய நீர்; அதில் இரண்டு கிலோ உப்பு; ஒரு போத்தல் வினாகிரி; ஒரு கரண்டி சலவைத்தூள். கலக்கிப் பூவாளியால் ஊற்றவேண்டியதுதான்.

"உப்பு மண்ணைக் கெடுக்காதோ?" என்று கேட்டேன்.

"என்ன மாஸ்ரர், தென்னம்பிள்ளை வைக்கேக்கை கிடங்குக்குள்ளை உப்புப் போடுறதில்லையோ? எல்லாம் எங்கடை அடுக்களைச் சாமான்தானே," என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மையே. தென்னங்கன்று நடும் குழியில் உப்பிடுதல் நம்மவர் பழைய வழக்கம். என் ஐயம் தீர்ந்தது. வெயில் எறிக்கும் முற்பகலொன்றில் ஊற்றினேன். மறுநாளே கோரையின் தாள்கள் கருகிச் சாய்ந்தன. அக்காட்சியைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சியை இன்று நினைக்க வெட்கமாயிருக்கிறது. மூன்றாம் கிழமையில் கருகிய தாள்களின் நடுவே பசிய ஊசிகள் எழுந்தன. மீண்டும் ஊற்றினேன். அவை மீண்டும் எழுந்தன. ஆனி தொடங்கிப் புரட்டாதி முடிவதற்குள் ஆறு முறை ஊற்றிவிட்டேன். அஃதாவது, இருபதடிப் பாதையின் ஓரத்தில் பன்னிரண்டு கிலோ உப்பைப் புதைத்துவிட்டேன்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. தையில் தேசியிலைகளின் விளிம்புகள் நெருப்புப் பட்டவை போற் பழுப்பேறின. நீர்ப் பற்றாக்குறை என்றெண்ணி நீர் இறைத்தேன். மாசியில் இலைகள் உதிர்ந்தன. சித்திரையில் மரம் வெறுங்கொம்பாய் நின்றது. அதன் கீழே, மாரிமழையில் நனைந்து தழைத்த கோரை, முன்னிருந்ததிற் குறையாமற் பசுமையாய் நின்றது.

கரைசல் செய்த வேலை

நடந்தது என்ன என்பதைப் பின்னரே படித்தும் கேட்டும் அறிந்தேன். அக்கரைசலில் இருந்த மூன்று பொருள்களும் மூன்று வேலைகளைச் செய்தன.

சவர்க்காரம் இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சைத் தளர்த்தி, நீர் வழிந்தோடாது ஒட்டிக்கொள்ளச் செய்கின்றது. வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலம் இலையின் கலங்களைச் சிதைத்து அவற்றிலிருக்கும் நீரை வெளியேற்றுகின்றது. வெயிலும் சேர்ந்தால் இலை சில மணி நேரத்திற் கருகும். ஆனால், அமிலம் பட்ட இடத்தை மாத்திரமே சுடும். தண்டு வழியே இறங்கி வேரை அடையாது. நாம் கறிக்கு வாங்கும் வினாகிரியில் அமிலம் நூற்றுக்கு நாலு அல்லது ஐந்து பங்குதான். அமெரிக்க விவசாயத் திணைக்களத்து ஆய்வாளர்கள் 2002 அளவில் வெளியிட்ட முடிவுகளும் இதற்கு இணங்கவே இருந்தன. முளைத்து இரு கிழமைக்கு உட்பட்ட இளங்களைகளை அத்தகைய மென்மையான வினாகிரி கொன்றது. முற்றிய களைகளுக்கு அதனிலும் பன்மடங்கு கடுமையான அமிலம் வேண்டியிருந்தது. அக்கடும் அமிலமோ கண்ணையும் தோலையும் சுட்டுவிடும்; வீட்டில் வைத்திருக்கத் தக்கதன்று.

இனி, கோரையைப் பாருங்கள். உலகின் மிகக் கொடிய களைகளை ஆராய்ந்து 1977 இல் அறிஞர் சிலர் வெளியிட்ட பெருநூலிலே முதலிடம் பெற்றது இதுவே. தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடுகளில், ஐம்பதுக்கு மேற்பட்ட பயிர்களிடையே இது குடியிருக்கின்றது. நாம் காணும் தாள் அதன் உடலிற் சிறு பகுதி. மண்ணுக்குள்ளே மெல்லிய நூல்போன்ற தண்டுகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட கிழங்குகள் சங்கிலியாய்க் கிடக்கின்றன. ஒரு கிழங்கிலிருந்து சில மாதங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட கிழங்குகள் தோன்ற வல்லன. மேலேயுள்ள தாளைச் சுட்டால், உறங்கிக் கிடந்த அடுத்த கிழங்கு விழித்துக்கொள்ளும். நான் ஆறு முறை செய்ததும் அதுவே.

கிளைபோசேற்று இலையினூடாகச் சென்று கிழங்கையும் தாக்குவது. அதனாற்றான் கமக்காரர் அதனை விரும்பினர். அதன் தீங்கு பற்றிய வழக்கு உலகெங்கும் நடக்கின்றது. அதனுள் நான் புகவில்லை. ஆயினும் நம் நாட்டுக் களைகொல்லிகளின் வரலாற்றிலே பரகுவாற்று என்னும் பெயரை எவரும் மறத்தல் ஆகாது. மாற்று மருந்தில்லாத அந்த நஞ்சினால் கிராமங்களில் மாண்டவர் பலர். 2008 முதற் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, சில ஆண்டுகளுள் அது முற்றாக விலக்கப்பட்டது. அத்தகைய பொருள்களை வீட்டு வளவிற் புகவிடாதிருக்க நான் விரும்பியது தவறன்று. கடைச்சரக்கு நஞ்சென்றால் அடுக்களைச் சரக்கு அமுதமாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணியதே தவறு.

உப்பும் எங்கள் நீரும்

கரைசலின் மூன்றாவது பொருள் உப்பு. வினாகிரி மண்ணிற் பட்டவுடன் அதன் வலிமை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. சுண்ணாம்பு மிக்க நம் மண்ணில் அது விரைவிலே அடங்கிப்போகும். நுண்ணுயிர்களும் அதனை உண்டு தீர்க்கும். உப்பு அவ்வாறன்று. அது உக்குவதில்லை, ஆவியாவதில்லை, எவ்வுயிரும் அதனை உண்டு தீர்ப்பதில்லை. மழை அதனைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். வெயில் அதனை மீண்டும் மேலே இழுத்துவரும். உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரினால் அதனை உறிஞ்ச இயலாது. நீர் நடுவே நின்றும் மரம் தாகத்தால் வாடும். செடியினுட் புகுந்த குளோரைட்டு இலையின் விளிம்பிலே திரண்டு அதனை எரிக்கும். தென்னை கடற்கரைக்கு உரிய மரம், உப்பைப் பொறுக்கும். தேசியும் தோடையும் சேர்ந்த குடும்பமோ கனிமரங்களுள் உப்பை மிகவும் பொறாத கூட்டம். தென்னைக்குப் பொருந்திய நியாயத்தைத் தேசிக்கு உரைத்த என் தருக்கம், ஒரு மாணவன் பரீட்சையில் எழுதியிருந்தால் நான் சிவப்பு மையாற் கோடிட்டிருக்கக்கூடிய தருக்கமே.

குடாநாட்டில் வாழும் நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்படையினுள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேலே ஒரு மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கின்றது. அதுவே நமது கிணறு, நமது தோட்டம், நமது உயிர். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கூறும் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் நாற்பதடி மேலேறும் என்பது அதன் மறுபக்கம். அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகள் உவராகிப் போனதை ஊர்தோறும் கண்டிருக்கின்றோம். என் பன்னிரண்டு கிலோ உப்பு கடலுக்கு ஒரு பொருட்டன்று. ஆனால், கிணற்றைச் சூழ்ந்த பத்தடி மண்ணுக்கு அது பெரிது. உவர் ஏறிவிடுமோ என்று தலைமுறை தலைமுறையாக அஞ்சி வாழும் ஊரிலே, உப்பை விலைகொடுத்து வாங்கி என் கையாலேயே கிணற்றடியில் ஊற்றியிருக்கின்றேன்.

விவிலியத்திலே, பகைவரின் நகரை இடித்து அதில் உப்பு விதைத்த ஒருவனின் கதை நியாயாதிபதிகள் ஆகமத்தில் வருகின்றது. நம் புறநானூற்று வேந்தரும் பகைவர் மண்ணைக் கழுதை பூட்டி உழுதனர். ஆயினும் அவ்வாறு உழுத நிலத்தில் அவர்கள் விதைத்தவை வரகும் கொள்ளுமே. பகையின் உச்சியிலும் முளைக்கக்கூடிய ஒன்றையே விதைத்தனர். நானோ என் தாயாரின் மரத்தடியில் உப்பை விதைத்தேன்.

ஆச்சி காட்டிய வழி

எங்கள் ஊர் வெங்காயத் தோட்டங்களிற் புல்லுப் பிடுங்கியே மூன்று பிள்ளைகளை வளர்த்த மூதாட்டி ஒருவர் இருக்கின்றார். எழுபது வயதைக் கடந்தவர். பட்ட மரத்தைப் பார்க்க வந்தவர் கோரையைத்தான் பார்த்தார்.

"மாஸ்ரர், மேலை நிக்கிறது அதின்ரை தாள். புல்லு கீழை கிடக்குது," என்றார்.

"அப்ப என்ன செய்யிறது ஆச்சி?"

"கிண்ட வேணும். வெயிலுக்கை காயவிட வேணும். பிறகும் வரும். வர வரக் கிண்ட வேணும். வேறை என்ன?"

இவ்வளவே அவர் உபதேசம். அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு வைகாசி வெயிலிற் பாதையோரத்தை ஓரடி ஆழத்துக்குக் கிளறினோம். கோரைக் கிழங்கிற் பெரும்பகுதி மேல் ஆறங்குலத்துள்ளே கிடப்பது. வெயிலில் உலர்ந்த கிழங்கு முளைப்பதில்லை. ஈரமற்ற காலத்தில் இரு கிழமை காய்ந்தாற் போதும். பொறுக்கிய கிழங்கு இரண்டு கடகம் நிறைந்தது. பின்னர் முளைத்தவற்றை, தாள் நாலைந்து இலை விடுவதற்கு முன்னரே உழவாரத்தாற் செதுக்கினேன். கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்தே இலையை வெளியே அனுப்புகின்றது. இலை உழைத்துக் கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கு முன் அதனை அகற்றிவிட்டால், கிழங்கு ஒவ்வொரு முறையும் வறுமைப்படும். இரு கிழமைக்கு ஒரு முறை இதனைச் செய்தல் வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதே.

கோரைக்கு நிழல் ஆகாது என்பதையும் ஆச்சியே சொன்னார். வற்றாளைக் கொடி படர்ந்த இடத்தில் அது மெலிந்துபோவதைக் கண்ணாரக் கண்டேன். எஞ்சிய இடங்களுக்கு மூடாக்கு இட்டேன். பழைய கிடுகு, பனையோலை, வேலியில் வெட்டிய குழை என்பனவே மூடாக்கு. தோட்டத்தில் ஓலை புதைத்தலும் குழை தாழ்த்தலும் நம் முன்னோர் செய்தவைதாம். எருவுக்கென அவர்கள் செய்ததை நான் களைக்கென மண்ணின் மேலே பரப்பினேன். கோரையின் கூர்முனை பொலித்தீனையும் துளைக்கும், ஓலையையும் துளைக்கும். ஆயினும் மற்றைய சிறு களைகளின் வித்துகள் வெளிச்சமின்றி அடங்கிவிடுகின்றன. எஞ்சிய கோரையைக் கண்டு பிடுங்குதலும் எளிதாகின்றது.

வீட்டுக் கரைசல்கள் முழுவதும் வீண் என்று நான் கூறவில்லை. அவற்றுக்கு உரிய இடம் உண்டு. முற்றத்துக் கல்லிடுக்கில் முளைக்கும் சிறு பூண்டுகளுக்கு, சோறு வடித்த கொதிகஞ்சியே போதும். ஆறவிடாமல், காலிற் படாமல் ஊற்றவேண்டும்; மண்புழு உள்ள பாத்தியில் ஊற்றலாகாது. இரண்டிலைப் பருவத்து அகன்ற இலைக் களைகளுக்கு, வெயில் ஏறும் வேளையில் உப்புச் சேராத வினாகிரியும் சிறிது சவர்க்காரமும் போதும். பயிரின் இலையிலே படாதிருக்கத் துணியால் தொட்டு வைக்கலாம். சீமெந்துத் தரையையும் இரும்புக் கருவியையும் வினாகிரி அரிக்கும் என்பதை மறவாதிருத்தல் நன்று.

பார்த்தீனியம் பற்றியும் ஒரு சொல். இந்திய அமைதிப்படை 1987 இல் வந்த காலத்தில், உணவுக்கெனக் கொண்டுவந்த ஆடுகளோடு அது வந்தது என்பது பரவலான கருத்து. தமிழ்நாட்டிலே பயிரில்லாத தரிசு நிலங்களில் அதனை ஒழிக்க, ஒரு லீற்றர் நீருக்கு 200 கிராம் உப்புக் கரைத்துத் தெளிக்குமாறு விவசாய அறிஞர்கள் கூறுவதுண்டு. பயிரில்லாத நிலம் என்னும் அடைமொழியை விட்டுவிட்டு அளவை மட்டும் மனத்திற்கொள்வோர் என் நிலைக்கே ஆளாவர். கிணறுள்ள வளவில் அச்செடியைப் பூக்குமுன், கையுறை அணிந்து, வேரோடு பிடுங்குவதே தக்கது. ஒரு செடி பல்லாயிரம் வித்துகளைச் சிந்தும். அதன் தீண்டலால் தோல் வெடித்துத் துன்புறுவோரை நாம் அறிவோம்.

உழவாரம்

திருநாவுக்கரசு நாயனாரின் திருவுருவத்தைக் கோயில்களிற் காண்கின்றோம். அரசர்க்கும் அஞ்சாத அப்பெரியாரின் கையில் வாளில்லை, வேலில்லை. கோயில் வீதியிற் புல்லுச் செதுக்கும் உழவாரமே இருக்கின்றது. அவர் ஒரு நாள் செதுக்கி முடித்துவிட்டாரென்று எவரும் கூறவில்லை. மழை பெய்தாற் புல் முளைக்கும், மீண்டும் செதுக்கவேண்டும். தொண்டு என்று அதற்குப் பெயர் வந்தது அதனாற்றான் போலும்.

நம் தோட்டங்களில் அத்தொண்டைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். வெயிலிற் குந்தியிருந்து, முதுகு வளைந்து, நாட்கூலிக்குச் செய்கின்றனர். களைகொல்லி அவர்களின் முதுகைக் காத்தது என்பாரும் உளர். அவர்களின் கூலியைப் பறித்தது என்பாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், தாளுக்கும் கிழங்குக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த அறிவு அவர்களிடம் இருந்தது. படித்த என்னிடம் இருக்கவில்லை. அந்த அறிவை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆச்சியின் பிள்ளைகள் மூவரும் வேறு தொழில்களுக்குப் போய்விட்டனர்.

பட்ட மரத்தை 2022 ஆவணியில் தறித்தோம். அதற்குச் சில நாட்களின் பின் அந்த அயலவர் வந்தார். கையில் ஒரு கன்று இருந்தது. பல மாதங்களுக்கு முன் எங்கள் மரத்துக் காயின் வித்து அவர் வீட்டுக் குப்பையடியிலே தானாக முளைத்ததாம். தேசி வித்திலிருந்து முளைக்கும் கன்று பெரும்பாலும் தாய்மரத்தின் குணத்தையே கொண்டிருக்கும் என்பர். அவர் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கிணற்றுக்கு மறுபக்கத்தில், உப்புப் படாத மண்ணில், இருவருமாக அதனை நட்டோம்.

அக்கன்று இப்போது என் தோளுயரம் வளர்ந்திருக்கிறது. காலையில் அரை மணி நேரம் உழவாரத்தோடு பாதையோரம் குந்துகின்றேன். கோரை இன்னும் முற்றாகப் போகவில்லை. கடகக் கணக்கு மாறிக் கைப்பிடிக் கணக்காகியிருக்கிறது. கிண்டி எடுத்த கிழங்குகளை எறிவதில்லை. முத்தக்காசு என்று நாட்டு வைத்தியர் காய்ச்சற் குடிநீருக்கு இடுவதும் அதனைத்தான். கழுவி, வெயிலில் உலர்த்தி, ஆச்சி கேட்டபோது கொடுக்கின்றேன்.